நஞ்சா, சோறா?

கருவிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தை எலும்புந்தோலுமாய்ப் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் நடப்பதென்ன? ஜோசியன் பஞ்சாங்கத்தைப் பிரித்து, "கிரகணத்தன்று வெளியே வந்தாளா?" என்கிறான். மாமியார், "இவள் வயிற்று ராசி" என்கிறாள். பக்திமான், "பூர்வ ஜென்ம கர்மம்" என்கிறான். இத்தனை பேரும் தீர்ப்புச் சொல்லும் வேளையில், முக்கிய சாட்சியை ஒருவரும் விசாரிப்பதில்லை. அதைக் குழிதோண்டிப் புதைக்கிறார்கள். அல்லது ஆஸ்பத்திரி வாளியில் எறிகிறார்கள். அந்தச் சாட்சிதான் நஞ்சுக்கொடி. பத்து மாதம் சோறும் மூச்சும் கொடுத்த உறுப்புக்கு நஞ்சென்று பெயர் வைத்த நம் அறிவை என்னென்பது!

கர்ப்பப்பைச் சுவரிலுள்ள சுருள் இரத்தக் குழாய்களை நஞ்சுக்கொடியின் அணுக்கள் புகுந்து அகலப்படுத்த வேண்டும். வாய்க்கால் அகலமானால்தான் வயலுக்குத் தண்ணீர் பாயும் என்பது குடியானவனுக்குத் தெரியாததா? இவ்வேலை சரிவர நடவாவிட்டால் இரத்தம் சீராகப் பாயாது. கொடியின் சதை அங்கங்கே செத்து, வெளுத்துக் கெட்டிப்படும். குழந்தையின் உடல், கிடைத்த கொஞ்சத்தை மூளைக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடக்கும். இரத்த அழுத்தங் கண்ட கர்ப்பிணிகளின் குழாய்களில் உள்ள குறையை ப்ரோசென்ஸ், ராபர்ட்சன், டிக்சன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் 1967-லேயே எழுதிக் காட்டினார்கள். இதில் சனி எங்கே வந்தான்? ராகு எங்கே வந்தான்?

"சிறு குழந்தைக்கெல்லாம் கொடிதான் காரணமா?" என்று கேட்கலாம். இல்லை. தாயின் பட்டினி, இரத்தச் சோகை, மலேரியா, புகையிலை, குழந்தையின் பிறவிக் கோளாறு இவையும் உண்டு. யாதொரு நோயுமின்றிச் சிறிதாய்ப் பிறப்பதுமுண்டு. ஆதலால்தான் பரிசோதனை வேண்டுமென்கிறோம். காரணம் பல என்பதால் ஜாதகமும் ஒரு காரணமாகிவிடாது.

கொடியை நிறுத்து, அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு 2014-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் பொதுமுறை வகுத்தார்கள். கொடியின் சில கோளாறுகள் அடுத்த கர்ப்பத்திலும் திரும்பி வரக்கூடியவை. முன்கூட்டித் தெரிந்தால் வைத்தியர் கருவின் வளர்ச்சியையும் இரத்த ஓட்டத்தையும் அடிக்கடி அளந்து பார்ப்பார். தக்கவர்களுக்குத் தொடக்கத்திலேயே சிறு அளவில் ஆஸ்பிரின் கொடுப்பார். பரிகாரத்தால் வருவதென்ன? புரோகிதனுக்குத் தட்சணை, பெண்ணுக்குப் பழி!

ஆகவே தோழர்களே! அடுத்த முறை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ குழந்தை இப்படிப் பிறந்தால், பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். "நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா?" என்று வைத்தியரைக் கேளுங்கள். கேட்பதற்குத் தட்சணை வேண்டாம். புத்தி இருந்தால் போதும்.