கை கழுவுவோம், கைவிடோம்

தாராவியிலாயினும் செம்பூரிலாயினும், நம்மவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார் என்று கேள்வியுற்றால் குடும்பத்தோடு புறப்பட்டுவிடுகிறோம். கட்டிலிலேயே அமர்ந்து, நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால்தான் நமக்கு மனம் ஆறும். ஊரை விட்டு வந்தோர்க்கு உறவின் அருமை தெரியும். அதைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. அன்பைச் சுமந்து செல்லும் கை வேறொன்றையும் சுமந்துவிடலாம் என்று எச்சரிக்கவே எழுதுகிறோம்.

காண்டிடா ஆரிஸ் என்பது ஒரு பூஞ்சைக் கிருமி. ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதில் கண்டெடுக்கப்பட்டு, 2009-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 'ஆரிஸ்' என்னும் லத்தீன் சொல்லுக்குக் காது என்பதே பொருள். டில்லியின் இரண்டு ஆஸ்பத்திரிகளில் பன்னிரண்டு நோயாளிகளின் இரத்தத்தில் இது இருந்ததை 2013-இல் வைத்திய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். வழக்கமான புளூகோனசோல் மருந்து அதனிடம் பலிக்கவில்லை. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம், மிகக் கொடிய நான்கு பூஞ்சைகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்தது.

நல்ல உடல்நிலை உள்ளவரை இது பெரும்பாலும் வருத்துவதில்லை; சந்தடியின்றித் தோலில் தங்கியிருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்கள் பொருத்தப்பட்டுக் கிடப்பவரின் இரத்தத்தில் புகுந்தாலோ உயிருக்கே ஆபத்து. கட்டிற் கம்பியிலும் கருவிகளிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அடங்காது. குளோரின் கலந்தவற்றுக்கு அடங்கும்.

கிருமியைப் பரிசோதனையில் சரியாக இனங்காண்பதும், நோயாளியைத் தனியே வைப்பதும், தேவையற்ற குழாய்களை அகற்றுவதும் ஆஸ்பத்திரியின் கடமை. நம் கடமையும் சில உண்டு. உள்ளே செல்லுமுன்னும் வெளியே வந்தபின்னும் கைகளைத் தூய்மை செய்க. கட்டிலில் அமராதீர். ஒருவர் இருவராகச் செல்க. மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விட்டொழிப்போம்; அவை உடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்துப் பூஞ்சைக்கு இடம் தருகின்றன.

இன்னொன்று முக்கியம். இங்கே தீவிர சிகிச்சை பெற்றவரைத் திருநெல்வேலிக்கோ சென்னைக்கோ அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அங்குள்ள வைத்தியரிடம் பழைய சீட்டுகளை மறையாது காட்டுக. கிருமி இருந்ததாக எழுதியிருந்தால், அதைச் சொல்வதில் வெட்கமில்லை. சொல்லாதிருந்தால் அடுத்த கட்டிலிலிருப்பவர்க்குக் கேடு. அவரும் யாரோ ஒருவருக்குத் தாயோ தகப்பனோ அல்லவா?

கையைக் கழுவுவோம், உறவைக் கைவிடோம்.