பக்கவாதம்: ‘கை, கால் வந்துடுச்சா?’ என்று மட்டும் கேட்டால் போதுமா? 100 மதிப்பெண் கணக்கு சொல்வது என்ன?

பக்கவாத சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பியதும் எல்லோரும் கேட்பது, "கை, கால் வந்துடுச்சா?" ஆனால், குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது வேறு: தன் வேலைகளில் எதையெல்லாம் அவரே செய்துகொள்கிறார்?

இதை அளக்க உதவுவது, அமெரிக்காவில் 1965-ல் வெளியான ‘பார்த்தெல்’ குறியீடு.

மதிப்பெண் எப்படி?

சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது, மலக் கட்டுப்பாடு, சிறுநீர்க் கட்டுப்பாடு, படியேறுவது: தலா 10. குளிப்பது, முகம் கழுவித் தலைவாருவது: தலா 5. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது: தலா 15. மொத்தம் 100. துணை தேவைப்பட்டால் மதிப்பெண் குறையும்.

சிக்கல் எங்கே?

‘செய்ய முடியுமா’ என்பதல்ல, ‘செய்கிறாரா’ என்பதே கணக்கு. தானே சாப்பிடக்கூடியவருக்குப் பாசத்தில் ஊட்டிவிட்டால் மதிப்பெண் குறையும், பயிற்சியும் போச்சு.

இடமும் முக்கியம். ஆஸ்பத்திரியில் வெஸ்டர்ன் டாய்லெட்டில் சமாளித்தவர், அரியலூர் மாவட்டம் திருமானூர் பக்கத்துக் கிராமத்து வீட்டில் குத்தவைத்து உட்கார முடியாமல் தடுமாறலாம்.

100 வாங்கினாலும் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை. பேச்சு, சமையல், பணக் கணக்கு எதுவும் இதில் கிடையாது.

என்ன செய்யலாம்?

டிஸ்சார்ஜ் ஆகும்போதே மதிப்பெண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி சிகிச்சை உண்டு. வருபவரிடம் உங்கள் வீட்டுக் கழிப்பறை, வாசற்படியை வைத்தே மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். எதில் மார்க் குறைகிறதோ, அடுத்த பயிற்சி அதில்தான்.