நிலத்தை அளக்கும் அளவை எவருடையது?

அளவை என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் தரும். நிலத்தை அளப்பதும் அளவை. மெய்யை அறியுங் கருவியும் அளவை. எதனை அறிவெனக் கொள்கின்றானோ, அதனையே ஒருவன் நிலத்திலுங் காண்கின்றான். வெளி என்பது உள்ளம் பொருள்களைக் காணும் வடிவமே என்ற செருமானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்டு, 1756 முதல் 1796 வரை நிலநூலும் பயிற்றினார். தமிழனோ மெய்யியலைக் கோயிலில் விட்டான். நிலநூலைக் கடன் வாங்கினான்.

கடலூரைக் காண்க. 1690-இல் ஆங்கில வணிகக் குழு தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையினின்று சுட்ட பீரங்கிக் குண்டு எட்டிய தொலைவு வரை நிலம் அதற்கு உரியதாயிற்று. அவ்வட்டத்துள் அகப்பட்டவை 'குண்டுக் கிராமங்கள்' எனப்பட்டன. உழுதவன் எவன், வலை வீசியவன் எவன் என்று குண்டு கேட்டதா? எட்டுந் தொலைவே நிலம்; இஃது அடிப்படுத்துவோன் அளவை.

சிதம்பரத்தைக் காண்க. உவர்ச்சதுப்பில் வளரும் தில்லை மரத்தால் அவ்வூர் தில்லை. அம்மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும் என்பது வரை அறிந்த மக்கள் இட்ட பெயர். காட்சியளவையிற் பிறந்த பெயர். சிற்றம்பலமே சிதம்பரம் எனத் திரிந்தது என்பர் தமிழறிஞர். வடமொழியாளரோ அதற்கு 'அறிவுவெளி' எனப் பொருள் கூறினர். மரம் மறைந்தது, சதுப்பு மறைந்தது, ஊர் விண்ணேறியது! முதுகுன்றம் விருத்தாசலமானதும் இவ்வழியே.

தொல்காப்பியமோ நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றையும் பிரித்தால் நிலமறிவு நிறையாது. அளவுகோல் வேண்டாம் என்பதன்று. கோல் மட்டும் போதாது என்பதே.

விளைச்சலொன்றையே அறிந்தவனுக்குப் பிச்சாவரம் வெறுஞ் சதுப்பு. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-இல் வெளிவந்த ஆய்வு, அலையாத்திக் காட்டின் பின்னிருந்த ஊர்களில் அழிவு குறைந்தது எனக் காட்டியது. தில்லையும் அக்காட்டு மரமே. நெய்தலின் கருப்பொருள் நெய்தல் மக்களின் உயிர்க்காப்பாய் நின்றது!

திணையை இலக்கிய வகுப்பினுள் அடைத்து வைத்தோர் அதனை நிலநூல் வகுப்பிற்குக் கொணர்க. பிறன் அளவையால் தன் நிலத்தை அளப்பவன், தன் நிலத்திலேயே குடிக்கூலிக்காரன். தமிழினம் தன் அளவையைத் தானே கையிலெடுக்கட்டும்!