எவர் நட்ட விதை?

சென்னை நுங்கம்பாக்கத்து வானிலை நடுவ வளாகத்துள் 15 அடி உயரக் கருங்கல் தூணொன்று நிற்கின்றது. 1792-இல் மைக்கேல் தாப்பிங்கு அமைத்த வான்நோக்ககத்தில், விண்மீன் உச்சி கடக்கும் நேரத்தைக் குறிக்கும் தொலைநோக்கியைத் தாங்குதற்கென நாட்டப்பட்டது அது. அதன்மேல் இலத்தீனிலும், தமிழ் உள்ளிட்ட நம்நாட்டு மொழிகளிலும் எழுத்துப் பொறித்தனர். எதற்காம்? ஆசியாவில் கணக்கியல் ஆங்கிலேயரின் வண்மையால் முதன்முதல் நடப்பட்ட காலத்தை, ஆயிரம் ஆண்டு கழித்துப் பிறப்பாரும் அறிதற்காம்!

முதன்முதலா? சமர்க்கந்து ஆசியாவில் இல்லாமல் வேறெங்கு உள்ளது? அந்நகரை ஆண்ட உலுக்கு பேக்கு, ஏறத்தாழ 40 மீட்டர் ஆரையுள்ள மாபெரும் வளைவொன்றை எழுப்பினான். தொலைநோக்கி என்னும் கருவியே தோன்றாத 1437-இல், ஆயிரத்திற்கு மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்களைப் பட்டியலாக்கினான். அதற்கும் 355 ஆண்டு பிந்தியது நுங்கம்பாக்கத் தூண். சமர்க்கந்து தொலைவு எனலாம், காசி தொலைவா? ஆங்குள்ள வான்நோக்குக் கருவிகளைப் பற்றி இராபர்ட்டு பார்க்கர் எழுதிய கட்டுரையை இலண்டன் அரசக் கழகமே 1777-இல் வெளியிட்டிருந்தது. எனவே, அறியாமல் எழுதினர் என்று கூறித் தப்பவும் வழியில்லை.

வண்மை என்னும் சொல்லையும் உரைத்துப் பார்த்தல் வேண்டும். கப்பலோட்டவும் கரையளக்கவும் நிலம் வரையவும் கும்பினிக்குச் சென்னையின் இருப்பிடம் செப்பமாகத் தெரியவேண்டியிருந்தது; அதற்கு விண்மீன் அளவு வேண்டியிருந்தது. வணிகன் தன் நிறைகோலைத் திருத்துவது கொடையாகுமோ?

உழைத்தவரை இகழ்தல் அறமன்று. தாமசு தெய்லர் 1844-இல் முடித்த 11,015 விண்மீன்களின் பட்டியல் பெரும்பணியே. அவர்க்குப்பின் போகுசன் காலத்தில் நிறுவிய தொலைநோக்கி, வடக்குத் தெற்காக மட்டுமே திரும்பவல்லது. விண்மீன் கண்ணாடியிலுள்ள நுண்கம்பியைக் கடக்கும் நொடியைக் கடிகையும், அதன் உயரத்தைக் கருவியின் பாகைவட்டமும் காட்டும். இரவெல்லாம் இமையாதிருந்து நோக்கும் கண் வேண்டும் அதற்கு! அவ்வாறு நோக்கி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர், அங்கு உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி. இலண்டன் அரச வானியற் கழகம் அவரை 1872-இல் உறுப்பினராக ஏற்றது. ‘நட்டவர்’ ஆங்கிலேயராயின், இந்தக் கண் எந்த மண்ணில் விளைந்தது?

தூணை இடிக்க வேண்டா. அவர்கள் கேட்ட ஆயிரம் ஆண்டு 2792-இல்தான் நிறையும். அதுவரை காத்திராமல், உலுக்கு பேக்கின் பெயரும் இரகுநாதாச்சாரியின் பெயரும் தாங்கிய கல்லொன்றைத் தமிழ் எழுத்தில் அதன் பக்கத்திலேயே நடுக.