தண்டவாளத்துக்கு அழுக்கு பூசுறதுக்கு முன்னாடி...

மாடல் ரயில் கிறுக்கு பிடிச்ச நம்மாளுங்ககிட்ட ஒரு விசேஷம் உண்டு. இஞ்சினுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணுவாங்க. ஹெட்லைட் பக்கத்துல இருக்கிற கம்பி ரெண்டா மூணான்னு விடிய விடிய சண்டை போடுவாங்க. தண்டவாளம்? டப்பாவைப் பிரிச்சா என்ன வந்துச்சோ அதேதான். கருப்பு பிளாஸ்டிக் ஸ்லீப்பர், வெள்ளிக்கொலுசு மாதிரி மின்னுற கம்பி, அடியில பச்சை பெயிண்ட் அடிச்ச பிளைவுட். பட்டுவேட்டி மாப்பிள்ளைக்கு ரப்பர் செருப்பு மாட்டி விட்ட மாதிரி இருக்கும் :-)

அடுத்த ரகம் இன்னும் மோசம்னு நான் சொல்லுவேன். ஜல்லியும் போடுவாங்க, அழுக்கும் பூசுவாங்க. எல்லாம் வெளிநாட்டு வீடியோவைப் பாத்து. சாம்பல் ஜல்லி, ஓரத்துல ஐரோப்பாவுல விளையுற பச்சைப் புல், கம்பியில ஆரஞ்சு துரு. அதுமேல தூத்துக்குடி முத்துநகர் எக்ஸ்பிரஸ் போகும்! முத்துநகர் எந்தக் காலத்துலயா ஸ்விட்சர்லாந்து போச்சு?

என் கட்சி இதுதான். வெதரிங்னா அழுக்காக்குறது இல்ல. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கணும். அந்தக் காரணம் நம்ம ஊரு தண்டவாளத்துல இருக்கு, வீடியோவுல இல்ல.

முதல்ல ஜல்லி

இந்திய ரயில்வே போடுற ஜல்லி 20 மி.மீ.லேருந்து 65 மி.மீ. வரைக்கும் உள்ள உடைச்ச கருங்கல். எச்.ஓ. அளவுல, அதாவது 87-ல் ஒரு பங்கா சுருக்கினா, கால் மி.மீ.லேருந்து முக்கால் மி.மீ. அவ்வளவுதான். நிறைய பேரோட லேஅவுட்டுல ஒவ்வொரு கல்லும் ரெண்டு மி.மீ. இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, அது அரையடிக்கு மேல உள்ள பாறாங்கல். கேங்மேன் தூக்கிப் போட்டா இடுப்பு போயிரும்.

இதுக்குன்னு வெளிநாட்டுலேருந்து பொட்டலம் வரவழைக்க வேண்டாம். கட்டட வேலைக்கு வர்ற எம்-சாண்டும் உடைச்ச கருங்கல்தான். கழுவி, காயவச்சு, டீ வடிகட்டியில சலிச்சா பாதி வேலை முடிஞ்சது. கடற்கரை மணல் பக்கமே போகாதீங்க. உப்பு ஈரத்தை இழுக்கும், கம்பி கறுத்துப் போகும். நம்ம கடற்கரை மணல்ல இல்மனைட் மாதிரி கனிமம் வேற கலந்து கிடக்கு. காந்தத்துல ஒட்டுற துகள் இஞ்சின் மோட்டாருக்குள்ள போனா கதை முடிஞ்சது. எம்-சாண்டா இருந்தாலும் ஒரு தடவை காந்தத்தை ஓட்டிப் பாத்துட்டுப் போடுங்க.

போடுற முறை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கம்பியோட பக்கவாட்டுக்கு முதல்லயே பெயிண்ட். அப்புறம் ஜல்லியைக் காய்ஞ்ச நிலையில பிரஷ்ஷால பரப்பி, ஸ்லீப்பர் மேல ஒரு கல்லும் நிக்காம தட்டி விடணும். சோப்புத்தண்ணி தெளிச்சு, தண்ணி கலந்த ஃபெவிகாலை டிராப்பரால சொட்டு சொட்டா விடணும். ராத்திரி முழுக்க காயணும். பாயிண்ட் இருக்கிற இடத்துல மட்டும் நகருற கம்பிக்குள்ள பசை இறங்காம பாத்துக்கோங்க.

காரணம் இருக்கிற கறை

துரு. ஆரஞ்சு துருன்னா புதுத் துரு. கடற்காத்துல வருஷக்கணக்கா கிடக்கிற கம்பியோட பக்கவாட்டு நிறம் என்ன தெரியுமா? கருப்பட்டி. உடன்குடி கருப்பட்டியை ஒரு துண்டு பக்கத்துல வச்சுக்கிட்டு பெயிண்ட்டைக் கலக்குங்க, தப்பே வராது. ஆனா கம்பியோட தலை மட்டும் மின்னணும். ஏன்னா சக்கரம் தேய்ச்சுக்கிட்டே இருக்கு. மாடல்லயும் கரண்ட்டு போறதுக்கு தலை சுத்தமாத்தான் இருக்கணும். அசலும் வசதியும் இப்படி ஒத்துப்போற இடம் இந்தப் பொழுதுபோக்குல ரொம்பக் கம்மி, விட்டுராதீங்க.

பிரேக் தூள். பழைய வார்ப்பிரும்பு பிரேக் கட்டை தேய்ஞ்சு தேய்ஞ்சு, வண்டி வேகம் குறைக்கிற ஸ்டேஷன் முகப்புல ஜல்லியெல்லாம் பழுப்பாயிரும். நடுவழியில அவ்வளவு இருக்காது. ஆக, ஒரே பழுப்பை லேஅவுட் முழுக்க அடிச்சா அது பொய்.

அப்புறம்... சொல்லித்தான் ஆகணும். ரயில் கக்கூஸ். பயோ டாய்லெட் வர்றதுக்கு முன்னாடி எல்லாம் நேரா தண்டவாளத்துலதான். கம்பி அரிச்சுப்போறதுக்கு அதுவும் ஒரு முக்கிய காரணம். 1985-ஐ மாடல் பண்றவர் அதுக்கும் நிறம் கண்டுபிடிக்கணும் :-) இன்னைய தேதியை மாடல் பண்றவர் அதை விட்டுரலாம். எந்த வருஷம்னு முடிவு பண்ணாம கறை பூசவே முடியாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

மண்ணு. மாப்பிள்ளையூரணி பக்கம் உப்பளத்து வெளிறின மண். தூத்துக்குடியிலேருந்து மீளவிட்டான், தட்டப்பாறை தாண்டி மணியாச்சி போறதுக்குள்ள கரிசலாயிரும். திருச்செந்தூர் பக்கம் போனா தேரிக்காட்டுச் செம்மண். ஒரே மாவட்டத்துல மூணு நிறம்! ஓரத்துல வளர்றது சீமைக்கருவேலமும் எருக்கும். வருஷத்துல முக்கால்வாசி நாள் காய்ஞ்ச மஞ்சள் புல், ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் கொஞ்ச நாள் பச்சை. அந்தந்த ஊரு மண்ணையே சலிச்சுத் தூவினா நிறம் தேடி அலைய வேண்டாம். பசை பட்டா கொஞ்சம் கறுக்கும், ஒரு ஓரமா சோதிச்சுட்டு போடுங்க.

'கேஜே தப்பு, கறை எதுக்கு?'

இது நியாயமான கேள்வி. 16.5 மி.மீ. தண்டவாளம் வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்குச் செஞ்சது. நம்ம பிராட்கேஜ் 1676 மி.மீ. 1:87-ல் சரியா செய்யணும்னா 19.3 மி.மீ. வேணும். அது கடையில கிடைக்காது. அடிப்படையே தப்பா இருக்கும்போது ஜல்லி நிறத்துல என்ன நேர்மை வேண்டிக்கிடக்குன்னு கேக்குறாங்க.

என் பதில் ரெண்டு. ஒண்ணு, கண்ணு அகலத்தை அளக்காது, நிறத்தைத்தான் முதல்ல பாக்கும். கேஜைத் திருத்த பணமும் லேத்தும் வேணும். நிறத்தைத் திருத்த ஒரு டீ வடிகட்டி போதும்.

ரெண்டாவதுதான் முக்கியம். மீட்டர் கேஜை எடுத்துக்கோங்க. கடையில கிடைக்கிற 12 மி.மீ. தண்டவாளத்தை 87-ஆல பெருக்குங்க, 1044 வருது. ஏறக்குறைய ஒரு மீட்டர்! அதாவது இன்னைக்கு ஓடுற தூத்துக்குடி லைனைவிட, இல்லாமப்போன பழைய லைனைத்தான் நம்மால சரியா செய்ய முடியும்.

1876-ல் தூத்துக்குடிக்கு வந்த லைன் அது. 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கிற வரைக்கும் மெட்ராஸ்லேருந்து கொழும்புக்குப் போறவங்க இந்த லைன்ல வந்துதான் கப்பல் ஏறினாங்க. தொண்ணூறுகள்ல பிராட்கேஜ் ஆச்சு. இன்னைக்குத் தமிழ்நாட்டுல மீட்டர் கேஜ்ல ஓடுறது நீலகிரி மலை ரயில் ஒண்ணுதான்.

அந்தப் பழைய லைன் காலத்து இஞ்சினுக்குப் போட்டோ இருக்கு. ஒய்.பி., ஒய்.ஜி. இஞ்சினை மியூசியத்துலயே நிறுத்தி வச்சிருக்காங்க, தொட்டுக்கூடப் பாக்கலாம். ஆனா அது நின்ன தரையை யாரு போட்டோ எடுத்தா? மர ஸ்லீப்பர் எங்க இருந்துச்சு, சி.எஸ்.டி.-9 வார்ப்பிரும்பு ஸ்லீப்பர் எங்க இருந்துச்சு, இஞ்சினுக்குத் தண்ணி பிடிச்ச இடத்துல கரிச்சாம்பல் எவ்வளவு தூரத்துக்குப் பரவிக் கிடந்துச்சு, யார்டுல மண்ணு ஸ்லீப்பரை எவ்வளவு மூடியிருந்துச்சு? இதெல்லாம் மியூசியத்துல இல்ல. ரிட்டயர்டு ஆன கேங்மேன், கீமேன் தலையில இருக்கு. அவங்களுக்கு இப்ப எழுபது எண்பது வயசு. பெயிண்ட் வாங்குறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட போய் உக்காருங்க அண்ணாச்சி. இஞ்சினை இன்னும் பத்து வருஷம் கழிச்சுக்கூட செய்யலாம். இது அப்படி இல்ல.

அமெரிக்காவுல வெதரிங்கைப் பிரபலப்படுத்தினவர் ஜான் ஆலன். மான்ட்டரேயில இருந்த போட்டோகிராஃபர். வருஷக்கணக்கா கட்டின லேஅவுட், 1973-ல் அவர் இறந்த கொஞ்ச நாளிலேயே தீயில போயிருச்சு. ஆனாலும் அவர் எடுத்த போட்டோ நிறைய மிஞ்சியிருக்கு, இன்னைக்கும் பாத்துக் கத்துக்கிறாங்க. செஞ்சதை போட்டோவும் எடுத்து வைங்க.

கடைசியா, 'ஜல்லிதானே, யாரு பாக்கப்போறா?'ன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு. 2023 டிசம்பர் 17 ராத்திரி, திருச்செந்தூர்லேருந்து சென்னை கிளம்பின எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னுச்சு. சுமார் 800 பயணிகள். நிறைய பேரு 19-ம் தேதிதான் வெளியே வந்தாங்க. அந்த வெள்ளத்துல கம்பி அறுந்து போகல. அடியில இருந்த ஜல்லியும் மண்ணும் அரிச்சுப் போயி, கம்பியும் ஸ்லீப்பரும் அந்தரத்துல தொட்டில் மாதிரி தொங்குச்சு. அந்தப் படத்தைப் பாத்த யாரும் ஜல்லியை அலங்காரம்னு சொல்ல மாட்டாங்க. ரயிலைத் தாங்குறதே அதுதான்.

உங்க ஊரு ஸ்டேஷன் மண்ணு என்ன நிறம், அந்தக் காலத்துல ஸ்லீப்பர் மரமா இரும்பா? வீட்டுல பெரியவங்க இருந்தா இன்னைக்கே கேட்டு எழுதி வைங்க மக்கா.

பி.கு: கருப்பட்டியை நிறம் பாக்க மட்டும் வைங்க. வேலை முடியுறதுக்குள்ள தின்னு தீத்துட்டா நான் பொறுப்பில்ல :-)