மண்டபத்து அடுப்பும் பின்வீட்டுப் பிள்ளையும்



நம் மஹல்லாவின் திருமண மண்டபத்துக்குப் பின்னே குடியிருக்கும் மாற்றுச் சமயச் சகோதரி ஒருவர், கடந்த ஷவ்வால் மாதம் ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்தார். நிக்காஹ் நாள்களில் ஃபஜ்ருக்கு முன்பே மூட்டப்படும் விறகடுப்புகளின் புகை தம் வீட்டுக்குள் இறங்குகிறது என்றும், இழுப்பு நோயுள்ள தம் மகனை அந்நாள்களில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் நம்மைக் கூசச் செய்தது. அவர் சென்றபின், "இன்று புகை என்பார்கள், நாளை பிரியாணியே கூடாது என்பார்கள்" என்றார் நம்மில் ஒருவர்.

இந்த அச்சத்தை நாம் எள்ளி ஒதுக்கவில்லை. நம் உணவைச் சொல்லி நம்மை இழிவுபடுத்துவோர் இருக்கவே செய்கின்றனர். ஆயினும் புகைக்கு வரம்பு விதிப்பது நம்மைக் குறிவைத்துப் பிறந்த ஏற்பாடு அன்று. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாநில அரசு ஒரு பகுதியைக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து, அங்கே இன்ன எரிபொருளைத்தான் எரிக்கலாம் என்று வரையறுக்க இடமளிக்கிறது. நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் நாளொன்றுக்குச் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது 2009 முதல் நாடு முழுவதற்குமான அளவு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததோ 15 மட்டுமே.

நம் ஃபுகஹாக்களுக்கு இது புதிய பேச்சும் அன்று. ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் இப்னுர் ராமீ, மாலிக்கி மத்ஹபின்படி எழுதிய கட்டடச் சட்ட நூலில் புகையை இரண்டாகப் பிரிக்கிறார். வாழ்வுக்குத் தேவையான வீட்டுச் சமையலின் புகையை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும். குளியல் கூடங்கள், ரொட்டிச் சூளைகள் ஆகியவற்றின் புகையோ தடுக்கப்பட வேண்டியது. உஸ்மானியரின் மஜல்லாவும், குடியிருக்க முடியாதபடி புகை சூழ்வதை நீக்கப்பட வேண்டிய பெருந்தீங்காகவே கொள்கிறது. ஐம்பது கிலோ அரிசி வேகும் தேக்சாவின் அடுப்பு இவற்றுள் எந்த வகை என்பதை நாமே சொல்லிக்கொள்ளலாம்.

ஷாஃபிஈ மத்ஹபினர் சிலர் இமாம் நவவீயின் மின்ஹாஜை எடுத்துக்காட்டுவர். தன் சொத்தில் ஒருவன் கொல்லுப் பட்டறைகூட வைத்துக்கொள்ளலாம் என்று அதில் உள்ளது உண்மையே. ஆனால் உரிய முன்னெச்சரிக்கை எடுத்து, சுவரை உறுதிப்படுத்தினால் என்ற நிபந்தனையும் அங்கேயே உள்ளது. பாடம் நடத்தும்போது மாணவர்கள் எளிதில் தாண்டிச் செல்லும் சொல் அதுதான். மேலும், மண்டபம் எவருடைய தனிச் சொத்தும் அல்ல, வக்ஃபு.

பண்டாரியிடம் பேசிப் பார்த்தோம். விறகின்றித் தம் நிற்காது என்று முதலில் மறுத்தவர், பிறகு தாமே ஒன்றைச் சொன்னார்: புகை பெருகுவது நீர் கொதிக்கும்போதும் இறைச்சி வதங்கும்போதும் எரியும் சுடரில்தான், தம்முக்கு வேண்டியது தணல் மட்டுமே. அப்படியானால் கொதிக்கவைக்கவும் வதக்கவும் கேஸ் அடுப்பு, தம்முக்கு மட்டும் கரித் தணல். தணலையும் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். மூடிய அறையில் அதன் நச்சு வாயு உயிரையே பறிக்கும். விறகு தவிர்க்க முடியாத நாளில் நன்கு காய்ந்த சவுக்கு மட்டும். விடியற்காலையின் அசையாக் காற்றில் புகை மேலெழாமல் தாழவே தங்கும் என்பதால், வெயில் ஏறிய பின்னரே அடுப்பு மூட்ட வேண்டும். வலீமா உணவு ஒரு மணி நேரம் தள்ளிப்போகலாம், விருந்தினர் காத்திருப்பர்.

கேஸ் அடுப்புகளுக்கான செலவை மண்டப வாடகையில் ஒரு பங்கிலிருந்து எடுக்கலாம் என்பது நம் கருத்து. மார்க்கக் கல்வி நிதியில் கைவைக்க வேண்டாம். வரும் ஜும்ஆவுக்குப் பின் கூடும் ஜமாஅத் கூட்டத்தில் இதை முன்வைக்கிறோம். அந்தச் சகோதரியையும் அழைத்திருக்கிறோம்.