காரைத் துடைக்காதீர்கள், குளிப்பாட்டுங்கள்!

"அக்கா, சமையல், கைவேலை, குழந்தை வளர்ப்பு என்று எல்லாம் எழுதுகிறீர்கள், வாசலில் நிற்கிற காரைப் பற்றி ஒரு வரி உண்டா? வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை பின்னினாற்போல் மெல்லிய கீறல்கள்! இத்தனைக்கும் தினமும் துடைத்துத்தானே வைக்கிறோம்?" என்று மேற்கு மாம்பலத்து வாசகி ஒருவர் ஆதங்கத்தோடு எழுதியிருக்கிறார்.

கடைசி வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது, சகோதரி. தினமும் துடைத்ததால் வந்த கீறல்தான் அது!

சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை. நானும் நம்பாமல் இருந்தவள்தான். சைதாப்பேட்டையில் எங்கள் வீடு ஆற்றுக்கு அதிக தூரமில்லாத ஒரு சந்தில் இருக்கிறது. என் மாமனாரிடம் வெண்ணெய் நிறத்தில் ஒரு ப்ரீமியர் பத்மினி இருந்தது. சனிக்கிழமை அவருக்கு எண்ணெய்க் குளியல் உண்டோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை காருக்குப் பாலிஷ் உண்டு! 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு அடையாறு பொங்கி வந்தபோது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடியில் போய் உட்கார்ந்தோம். தண்ணீர் வடிந்து கீழே வந்து பார்த்தால், கார் முழுக்க வண்டல் காய்ந்து, அரிசி மாவைக் கரைத்து அப்பினாற்போல் நிற்கிறது. இன்ஜினுக்குள்ளும் சேறு. "இனிமே இது தேறாது சார்" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

மாமா ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். மரத்தில் உப்புத்தாள் போடுகிற மாதிரி 'சர்... சர்...' என்று சத்தம். "மாமா, கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுத் துடைக்கலாமே" என்றேன். "குடிக்கவே தண்ணி இல்லாம நிக்கிறோம். வண்டிக்கா ஊத்தறது? விடும்மா" என்றார். அதற்குமேல் அவர் கையைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருஷமாக அவர் தேய்த்துத் தேய்த்து வளர்த்த பளபளப்பு, அந்தக் கால் மணி நேரத்தில் வரிவரியாகக் கிழிந்து போயிற்று.

வெள்ளத்து வண்டல் ஒரே நாளில் செய்ததை, நம் தெருப் புழுதி மெள்ள மெள்ளச் செய்கிறது. புழுதியில் பொடி மணல் கலந்திருக்கிறது. மணல் பெயிண்டைவிடக் கடினமானது. உலர்ந்த துணியை அதன்மேல் போட்டு இழுத்தால், துணியா துடைக்கிறது? மணல்தான் உழுகிறது! இறகுத் துடைப்பம் போட்டாலும் இதே கதைதான்.

சரி, குளிப்பாட்டுவது எப்படி? காலை ஏழு மணிக்குள், வெயில் ஏறுமுன் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது சாயங்காலம், பானெட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு ஆறியபின். சூட்டில் தண்ணீர் உடனே காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும். வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். முதலில் ஒரு சொம்பால் கூரையிலிருந்து கீழாக நிதானமாக ஊற்றி, புழுதி தானாக இறங்க விடுங்கள். இந்தக் கட்டத்தில் கை படவே கூடாது. பிறகு பஞ்சுபோன்ற மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பு நீரில் தோய்த்து, கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்று மேலிருந்து கீழே வாருங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் நீர் வாளியில் நன்றாக அலசி, அதன்பிறகே மறுபடி ஷாம்பு வாளியில் விடவேண்டும். முடிந்ததும் அந்த அலசிய வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள். நறநறவென்று மணல் தட்டும். ஒரே வாளி வைத்திருந்தால் அத்தனை மணலும் திரும்ப வண்டிமேல்தான் ஏறியிருக்கும்!

கதவின் அடிப்பாகமும் டயரும் கடைசியில்தான். டயருக்கு என்று தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். அது பெயிண்டைத் தொடவே கூடாது. துணி கை தவறித் தரையில் விழுந்துவிட்டால், எவ்வளவு உதறினாலும் சரி, அன்றைக்கு அதற்கு ஓய்வுதான்.

துணி துவைக்கும் சோப்புத்தூளோ, பாத்திரம் தேய்க்கும் திரவமோ வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவென்றே அவற்றைச் செய்திருக்கிறார்கள். காருக்கு நாம் பூசி வைத்த மெழுகையும் பிசுக்கு என்றே நினைத்து எடுத்துவிடும். கார் ஷாம்பு வாளிக்கு ஒரு மூடி போதும்.

அடுத்தது துவட்டுவது. நம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீர்த் தவலையின் அடியில் படியும் வெள்ளை உப்பைப் பார்த்தாலே தெரியும். அதே உப்புதான் கார்மேல் வட்ட வட்டமாகப் படிகிறது. தானாகக் காயட்டும் என்று விடாமல், வேறொரு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு, மெதுவாக இழுத்து ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே வெள்ளை வட்டம் விழுந்திருந்தால், வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒற்றி, உடனே கழுவிவிடுங்கள். 2003-ல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அந்தக் குழாயிலிருந்து இரண்டு வாளி பிடித்து வைத்திருந்தால் அது காருக்குக் கங்கை! மழைநீரில் உப்பில்லை; திட்டும் விழாது. ஆனால் கழுவிய சோப்பு நீரை மட்டும் அந்தச் சேகரிப்புக் குழியில் இறங்க விடாதீர்கள். நம் கிணற்றுக்கே வந்து சேரும்.

ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் கார் கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். 2019 ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிப்போய், குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற தெருவில் இருப்பவள் நான். மூன்று வாளியில் அழகாக முடிகிற வேலை இது.

கார் துடைக்க வரும் தம்பியை நிறுத்திவிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாளி, ஒரு துணி, பதினைந்து கார். அவன் என்ன செய்வான்? எங்கள் வீட்டுக்கு வருகிறவனிடம், "தம்பி, தினம் துடைக்க வேண்டாம்ப்பா. வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி ஊத்திக் கழுவு. வாளியும் துணியும் நான் தர்றேன். சம்பளத்துல குறைக்க மாட்டேன்" என்றேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தான். இப்போது மற்ற வீடுகளிலும் இரண்டு வாளி கேட்கிறானாம்!

காக்கை எச்சத்துக்கு மட்டும் அடுத்த முறைவரை காத்திருக்கக் கூடாது. அதில் அமிலத்தன்மை உண்டு; நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் பெயிண்டில் தடம் பதித்துவிடும். நகத்தால் சுரண்டாமல், நனைந்த துணியைப் பத்து நிமிஷம் அதன்மேல் போட்டு ஊறவிட்டால் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

இனி பாலிஷும் மெழுகும். இரண்டும் ஒன்று என்றே பலரும் நினைக்கிறார்கள். கிடையவே கிடையாது. பாலிஷ் என்பது குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல. மேலே ஒரு பூச்சைத் தேய்த்து எடுத்துத்தான் பளபளப்பு வருகிறது. மெழுகு என்பது பலாப்பழம் நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதுபோல; எதையும் எடுப்பதில்லை, அழுக்கை ஒட்டவிடாமல் காக்கிறது.

மாமாவின் பத்மினியில் பாலிஷ் போட்டால் துணியில் வெண்ணெய் நிறம் ஒட்டும். அந்தக் காலத்து வண்டிகளில் நிறப்பூச்சுதான் மேல்தோல். வெளிறிய மேல்பரப்பைத் தேய்த்தெடுத்தால் அடியில் புதுநிறம் இருந்தது. இப்போது வரும் கார்களில் நிறத்தின்மேல் கண்ணாடிபோல ஒரு பூச்சு உண்டு. கிளியர் கோட் என்பார்கள். அடிப்பூச்சு முதல் எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய ஒரு நோட்டுத்தாளின் கனம்தான். அதில் இந்தக் கண்ணாடிப்பூச்சு பாதிகூடத் தேறாது. கவரிங் வளையலை வாராவாரம் புளி போட்டுத் தேய்ப்பீர்களா? என்னவர் தேய்த்தார்! அப்பா வழக்கம் என்று புதுக் காருக்கும் மாதாமாதம் பாலிஷ் போட்டு, பானெட்டின் விளிம்பில் பூச்சே போய், சாம்பல் நிறம் வெளுத்துவிட்டது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி.

ஆகவே பாலிஷ், தேவைப்பட்டால் வருஷத்துக்கு ஒருமுறை, கீறல் உள்ள இடத்தில் மட்டும். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அது பாலிஷுக்கு அடங்காது, வீணாகத் தேய்க்காதீர்கள். பித்தளைப் பாலிஷ், பல்பொடி, சாம்பல் எதுவும் காரின் பக்கம் வரக்கூடாது.

மெழுகைத் தாராளமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடலாம். நல்ல மெழுகில் கார்னோபா இருக்கும். பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. மிட்டாய்க்கு மினுமினுப்புத் தரவும் இதையே பூசுகிறார்கள். கழுவித் துவட்டிய காரில், நிழலில், ஒரு கதவு அளவுக்கு மட்டும் ஸ்பாஞ்சால் மெல்லியதாகத் தடவுங்கள். அதிகம் தடவினால் அதிகம் மினுங்காது. துடைக்கத்தான் கை வலிக்கும். லேசாக வெளுத்ததும் விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் சுத்தமான துணியால் துடைத்தெடுத்து, அடுத்த கதவுக்குப் போங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளையாகத் தங்கிவிடும், கவனம். அடுத்த மழையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் மெழுகு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். தட்டையாகப் பரவினால் மறுபடி போடவேண்டிய நாள் வந்துவிட்டது.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்லாமல் விடமாட்டேன். தார்க் கறை எடுக்க மண்ணெண்ணெயையோ தின்னரையோ காலி குளிர்பான பாட்டிலில் ஊற்றி வண்டி பக்கத்தில் வைக்கிற வழக்கம் இருக்கிறதே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் இரண்டரை வயதுப் பிள்ளை அப்படி ஒரு பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டான். பாட்டி பதறிப்போய் வாய்க்குள் விரலை விடப் போனாள். நல்லவேளை, எதிர்வீட்டு நர்ஸ் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். மண்ணெண்ணெய் வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியோடு மேலேறி நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீரோ பாலோ புகட்டக் கூடாது. நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பைக் கழுவி, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு, 108-ஐ அழைத்தோ ஆட்டோ பிடித்தோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிள்ளை சிரித்து விளையாடினாலும் போகத்தான் வேண்டும். இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். அந்தப் பிள்ளையை ஓர் இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

பாலிஷிலும் இதே ஜாதி எண்ணெய்கள் இருப்பது உண்டு. வேலை முடிந்ததும் டப்பாக்களை மூடி, அவற்றின் லேபிளோடு பரணில் ஏற்றிவிடுங்கள். வாளித் தண்ணீரையும் அப்போதே கவிழ்த்துவிடுங்கள்; தவழுகிற குழந்தை உள்ள வீட்டில் அரை வாளித் தண்ணீரும் ஒரு குளம்தான்.